பழி தீர்ந்த பின் வீட்டில் மிஞ்சுவது யார்?

திரையும் நாமும்

பழிவாங்கும் கதைகள் எமக்குப் புதியவையல்ல. தந்தையைக் கொன்றவனைத் தேடி மகன் புறப்படுவான். இடைவேளைக்குப் பின் எதிரிகள் ஒருவர் ஒருவராக விழுவார்கள். பெரிய எதிரி விழுந்ததும் படம் முடியும். அந்த மகனின் தாய் என்ன நினைத்தாள் என்று பெரும்பாலான படங்கள் கேட்பதில்லை. அவள் சுவரில் மாலை போட்ட படமாக இருப்பாள். உயிரோடு இருந்தால் மகனின் நெற்றியில் திலகமிட்டு அனுப்பி வைப்பாள். அவளுடைய வேலை அத்தோடு முடிந்துவிடும்.

இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் 'ஹைதர்' என்ற ஹிந்தித் திரைப்படமும் பழிவாங்கும் கதைதான். ஆனால் இதில் தாய்க்கு ஒரு முகம் இருக்கிறது. அதனாலேயே இதனைப் பற்றி உங்களுடன் பேச விரும்பினேன்.

விஷால் பரத்வாஜ் இயக்கிய இப்படம் 2014 ஒக்டோபர் 2 ஆம் திகதி வெளியானது. காஷ்மீரைச் சேர்ந்த பத்திரிகையாளர் பஷாரத் பீர் இயக்குநருடன் இணைந்து திரைக்கதையை எழுதினார். ஆங்கில நாடகாசிரியர் சேக்ஸ்பியரின் 'ஹெம்லட்' நாடகத்தின் கதையை 1995 ஆம் ஆண்டுக் காஷ்மீருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். விஷால் பரத்வாஜ் இதற்கு முன்னரும் 'மக்பூல்' (2003), 'ஓம்காரா' (2006) ஆகிய படங்களைச் சேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்தே எடுத்திருந்தார். 'ஹைதர்' இந்தியாவின் ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. மகன் ஹைதராக ஷாஹித் கபூரும், தாய் கஸாலாவாகத் தபுவும், சிற்றப்பன் குர்ரமாகக் கே கே மேனனும் நடித்துள்ளனர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிலால் மீர் ஒரு வைத்தியர். நோயுற்ற ஓர் ஆயுதக்குழுத் தலைவரை இரகசியமாகத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சத்திரசிகிச்சை செய்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று மனைவி கஸாலா கேட்கிறாள். உயிரின் பக்கம் என்கிறார் அவர். அடுத்து ஊர் சுற்றிவளைக்கப்படுகிறது. ஆண்கள் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருந்து ஆட்களை அடையாளம் காட்டுகிறார். எமது ஊர்களில் 'தலையாட்டி' என்று சொன்னோமே, அதே ஆள். வைத்தியர் பிடிக்கப்படுகிறார். வீடு தகர்க்கப்படுகிறது. அதன் பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வெளியூரில் அலிகாரில் படித்துக்கொண்டிருந்த மகன் ஹைதர் ஊர் திரும்புகிறான். பொலிஸ் நிலையம், முகாம், வைத்தியசாலை என்று தந்தையைத் தேடி அலைகிறான். ஒருநாள் ரூஹ்தார் என்பவன் வருகிறான். இப்பாத்திரத்தில் 2020 இல் காலமான இர்ஃபான் கான் நடித்திருக்கிறார். உன் தந்தையோடு சிறையில் இருந்தேன், அவர் கொல்லப்பட்டுவிட்டார், காட்டிக்கொடுத்தவன் உன் சிற்றப்பன், பழிவாங்கும்படி உன் தந்தை சொல்லியனுப்பினார் என்கிறான். அதன் பின் கதை இரத்தத்தால் நிறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சுற்றிவளைப்பு, சித்திரவதை, லொறியில் குவிக்கப்பட்ட சடலங்கள் என்று எம்மில் பலரை உறங்கவிடாத காட்சிகள் இதில் உண்டு. தற்கொலைக் காட்சியும் உண்டு. பார்க்க விரும்புவோர் தனியே பார்க்காமல், பேசுவதற்கு ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். பார்க்க முடியாது என்று நினைப்பவர்கள் பார்க்கவேண்டிய அவசியமில்லை.

சிரித்தது குற்றமா?

கஸாலா ஒரு பாடசாலை ஆசிரியை. படத்தின் ஆரம்பத்தில் வகுப்பில் பிள்ளைகளுக்கு 'வீடு' என்றால் என்ன என்று பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாய், தந்தை, சகோதரர் அன்போடு சேர்ந்திருப்பது வீடு என்பது பாடம். அடுத்த நாளே அவளுக்கு வீடில்லை. கணவன் இல்லை. கணவனின் தம்பி குர்ரமின் வீட்டில் அவள் தங்கவேண்டியிருக்கிறது.

மகன் ஊர் திரும்பி அங்கே போகும்போது தாய் குர்ரமுடன் பாடிச் சிரித்துக்கொண்டிருப்பதைத் திரைச்சீலையின் ஊடாகப் பார்க்கிறான். நாமும் அவனோடு நின்றுதான் பார்க்கிறோம். இப்படி ஒரு பெண்ணா என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்திலும் எழும்படிதான் அந்தக் காட்சி அமைந்திருக்கிறது. பின்னர் படம் மெல்ல மெல்ல அவளுடைய பக்கத்தைக் காட்டுகிறது. கணவர் நல்லவர்தான். ஆனால் அவருடைய மனம் முழுவதும் வைத்தியசாலையில் இருந்தது. வீட்டையே ஆபத்தில் தள்ளும் முடிவை எடுத்தபோதும் அவளைக் கேட்டு எடுக்கவில்லை. முடிவெடுத்தவர் அவர். விளைவைச் சுமந்தவள் அவள்.

கணவன் காணாமல் போன பெண் எப்போது சிரிக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? எமது குழுக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி சொன்னது நினைவிருக்கிறது. "நான் பொட்டு வைச்சாலும் கதைக்கினம், வைக்காட்டிலும் கதைக்கினம். வைச்சால் ஆருக்காக எண்டு கேக்கினம். வைக்காட்டில் மனுசன் செத்திட்டார் எண்டு நீயே முடிவெடுத்திட்டியோ எண்டு கேக்கினம்." கஸாலாவும் இதே இடத்தில்தான் நிற்கிறாள். மகன் அவளை ஏளனம் செய்கிறான். தன்னைப் போன்றவள் முழு விதவையும் அல்ல, கணவனோ அவன் சடலமோ கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியவள் என்று அவள் சொல்கிறாள்.

காஷ்மீரில் இத்தகைய பெண்களை 'அரை விதவைகள்' என்றே அழைக்கிறார்கள். அங்கு 1989 இன் பின்னர் சுமார் 8,000 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் மதிப்பிடுகின்றன. அரசு சொல்லும் எண்ணிக்கை இதனைவிடக் குறைவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோர் சங்கம் 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் அரை விதவைகள் சுமார் 1,500 பேர் என்று குறிப்பிட்டது. மரணச் சான்றிதழ் இல்லாமல் கணவனின் சொத்தையோ வங்கிப் பணத்தையோ பெறுவது இவர்களுக்குப் பெரும்பாடு. மறுமணம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நீண்ட காலம் ஒரே கருத்து இருக்கவில்லை. 2013 டிசம்பரில் ஸ்ரீநகரில் கூடிய உலமாக்கள், நான்கு ஆண்டுகள் காத்திருந்தபின் விரும்பினால் மறுமணம் செய்யலாம் என்று அறிவித்தார்கள். அதற்குள் பல பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்துவிட்டார்கள்.

எமது நாட்டிலும் மரணச் சான்றிதழை வாங்கமாட்டோம் என்று மறுத்த தாய்மாரையும் மனைவிமாரையும் நாம் அறிவோம். அதை வாங்கினால் அவர் இறந்துவிட்டார் என்று தாமே கையொப்பமிட்டதாகிவிடும் என்பது அவர்களது வேதனை. 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின்னரே, இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் போயுள்ளார் என்று பதிந்து சான்றிதழ் பெறும் வழி ஏற்பட்டது.

தந்தை சொல்லியனுப்பியது, தாய் சொன்னது

ரூஹ்தார் கொண்டுவந்த செய்தியைக் கவனியுங்கள். குர்ரமைப் பழிவாங்கு, உன் தாயை இறைவனின் தீர்ப்புக்கு விட்டுவிடு என்பதே அது. மகனுக்கு ஒரு கடமை. மனைவிக்கு ஒரு குற்றச்சாட்டு. அவள் எப்படி வாழ்வாள் என்ற ஒரு சொல் அதில் இல்லை.

செய்தியைக் கொண்டுவந்தவன் யார்? அவன் எல்லைக்கு அப்பாலுள்ள உளவு அமைப்பின் ஆள் என்ற பேச்சுப் படத்திலேயே வருகிறது. தந்தையை இழந்த இளைஞனின் துயரம் அவன் கையில் ஒரு துப்பாக்கியாகிவிடுகிறது. மறுபுறத்தில் குர்ரமும் அதையே செய்கிறான். அண்ணன் காணாமல் போன துயரத்தைக் காட்டி வாக்குக் கேட்கிறான். 1990களின் நடுப்பகுதியில் முன்னாள் ஆயுததாரிகளைக் கொண்டு அரசுப் படைகளுடன் சேர்ந்து இயங்கிய 'இக்வான்' குழுவினரின் சாயலில் அவனது பாத்திரம் அமைக்கப்பட்டுள்ளது. துயரம் ஒரு குடும்பத்துக்குரியது. அதை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். சுற்றிவளைப்புக்குக் காரணமான தகவல் கஸாலாவின் வாயிலிருந்து போனதுதான். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று கணவனின் தம்பியிடம் அவள் சொல்லியிருந்தாள். அவன் தகவல் கொடுப்பவன் என்பது அவளுக்குத் தெரியாது. ஹைதரை நேசிக்கும் அர்ஷியாவும் அப்படித்தான். அவனைப் பற்றிய கவலையில், பொலிஸ் அதிகாரியான தன் தந்தையிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். அந்தப் பேச்சு அவனுக்கு எதிராகவே பயன்படுகிறது. இரு பெண்களும் சொன்னது வீட்டு மனிதரை நம்பி. அது சென்று சேர்ந்தது அதிகாரத்திடம். யுத்த காலத்தில் வீட்டுக்குள் பேசும் வார்த்தைக்கும் விலை உண்டு என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பழி யார் மேல் விழுகிறது? வார்த்தையை விற்றவன் மேல் விழுவதற்கு முன் அதை நம்பிச் சொன்னவள் மேல் விழுகிறது. எத்தனை குடும்பங்களில் இந்தப் பழி இன்னும் ஒரு பெண்ணின் தலையில் கிடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பழிவாங்குவதைப் பற்றி வேறொரு குரலும் இப்படத்தில் உண்டு. முதலில் ஹைதரின் பாட்டனார் சொல்கிறார். முடிவில் கஸாலா சொல்கிறாள். பழியிலிருந்து பழிதான் பிறக்கும், அதிலிருந்து விடுபடாதவரை எந்த விடுதலையும் எம்மை விடுவிக்காது என்பதே அதன் சாரம். இறந்த தந்தையின் செய்தி ஒரு பக்கம். உயிரோடிருக்கும் தாயின் வேண்டுதல் மறுபக்கம். மகன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். பழி வேண்டாம் என்பதன் பொருள் நீதி வேண்டாம் என்பதல்ல. ஹைதர் முதலில் தேடியது பழியை அல்ல. என் அப்பா எங்கே என்பதுதான் அவனது கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு பொலிஸ் நிலையமும் ஒரு முகாமும் பதில் தரவில்லை. காஷ்மீரில் 1990 இல் நடைமுறைக்கு வந்த ஆயுதப்படைகள் விசேட அதிகாரச் சட்டத்தின்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்குத் தொடர முடியாது. மொட்டையடித்த தலையோடு சந்தியில் நின்று ஹைதர் அந்தச் சட்டத்தையே நையாண்டி செய்கிறான். கேட்ட கதவுகள் எல்லாம் மூடியிருந்தபோது ரூஹ்தார் வந்தான். உண்மை கிடைத்திருந்தால் துப்பாக்கிக்கு வேலை இருந்திருக்குமா என்று நான் யோசிக்கிறேன்.

வேறு வழியில் நடந்த தாய்

படத்தில் காணாத ஒரு வழியை உண்மை வாழ்க்கையில் நடந்து காட்டியவர் பர்வீனா அஹங்கர். ஸ்ரீநகரைச் சேர்ந்த இத்தாயின் மகன் 1990 ஆகஸ்ட் 18 ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டான். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். முகாம் முகாமாக, நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார். அலையுமிடமெல்லாம் தன்னைப் போன்ற பெண்களைச் சந்தித்தார். 1994 இல் அவர்களை ஒன்றுசேர்த்துக் காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோர் சங்கத்தை உருவாக்கினார். சட்டத்தரணி பர்வேஸ் இம்ரோஸ் இவருக்குத் துணைநின்றார். பல ஆண்டுகளாக மாதந்தோறும் ஸ்ரீநகரின் பூங்காவொன்றில் படங்களை ஏந்தியபடி இக்குடும்பங்கள் அமர்ந்தன. 2017 இல் நோர்வேயின் ராஃப்டோ விருது இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. அதே 2017 ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் கிளிநொச்சியில் எமது தாய்மார் வீதியோரத்தில் பந்தலிட்டு அமர்ந்தார்கள்.

பர்வீனாவுக்கு மகன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தன் துயரத்தை எவருடைய கையிலும் ஆயுதமாகக் கொடுக்கவில்லை. தானே அதை வைத்திருந்தார், மற்றப் பெண்களோடு பகிர்ந்துகொண்டார்.

முடிவு பற்றி என் மனக்குறை

கஸாலா தன் உயிரை இரண்டு முறை பணயம் வைக்கிறாள். முதல் முறை ஹைதர் சிறுவயதுப் பையன். ஆயுதத்தின் பக்கம் போய்விடுவான் என்று பயந்து, தன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நீ வெளியூர் போகாவிட்டால் என்னைச் சுட்டுக்கொள்வேன் என்று அவனை அனுப்பி வைக்கிறாள். இரண்டாம் முறை படத்தின் இறுதியில். மயானத்தில் சண்டை நடக்கிறது. சரணடைந்துவிடு என்று மகனிடம் கெஞ்சுகிறாள். அவன் பழியை விடவில்லை. அவள் குண்டு கட்டிய உடலோடு குர்ரமின் ஆட்களுக்கு நடுவே போய் வெடிக்கிறாள். இரண்டு கால்களையும் இழந்த குர்ரம் என்னைக் கொன்றுவிடு என்று ஹைதரிடம் மன்றாடுகிறான். ஹைதர் சுடவில்லை. துப்பாக்கியோடு நின்றவன் விலகி நடந்துபோகிறான். சேக்ஸ்பியரின் நாடகத்தில் சிற்றப்பன் மகன் கையால் சாகிறான். இங்கே மகன் பழியை விட்டுச் செல்கிறான். இந்த மாற்றம் மதிக்கத்தக்கது.

ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன? பழி வேண்டாம் என்று சொன்ன பெண்ணே குண்டாக மாறவேண்டியிருக்கிறது. அர்ஷியா மனம் பேதலித்துத் தற்கொலை செய்கிறாள். ஹைதர் உயிரோடு இருக்கிறான், குர்ரமும் உயிரோடு இருக்கிறான், பெண்கள் இருவரும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற உயிரைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத தாயைப் படம் உண்மையாகக் காட்டுகிறது. அவள் உயிரோடிருந்து பேசக்கூடிய ஒரு நாளை மட்டும் அதனால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. சாவதால்தான் ஒரு பெண்ணின் சொல் கேட்கப்படும் என்ற எண்ணம் எமது பிள்ளைகளின் மனத்தில் பதிவதை நான் விரும்பமாட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. 1990 இன் ஆரம்பத்தில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு அச்சத்தோடு வெளியேறிய பண்டிதக் குடும்பங்களின் துயரத்துக்கு இப்படத்தில் மிகச் சிறிய இடமே கிடைத்திருக்கிறது. அதே 1990 ஒக்டோபரில் எமது வடக்கிலிருந்து முஸ்லிம் சகோதரிகள் வெளியேற்றப்பட்டதை நாம் மறக்கலாகாது. எமது இழப்பைப் பேசும்போது பக்கத்து வீட்டின் இழப்பையும் பேசினால்தான் அது நீதி கேட்பதாகும்.

இப்படத்தைப் பார்ப்பவர்களும், கதையை மட்டும் வாசிப்பவர்களும் உங்கள் குழுக்களில் இவற்றைப் பேசிப் பாருங்கள். வீட்டில் நடந்த இழப்புக்கு நம்பிப் பேசிய ஒரு பெண்ணையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? எமது ஆண் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, அவர் எப்படி இறந்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறோமா, அவர் எப்படி வாழ்ந்தார் என்றும் சொல்கிறோமா? ஹைதரின் தந்தை உயிரின் பக்கம் நின்றவர். மகனிடம் போய்ச் சேர்ந்ததோ அவரது பழி மட்டும்தான்.

பேசியதை எமக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட விரும்பாதவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் போதும். எழுத முடியாத அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அந்தக் கடிதத்தை எழுதும் பிள்ளையும் உங்கள் கதையைக் கேட்டதாக இருக்கும்.